தேவியின் தாடி

அதீனா தேவிக்குத் தாடி வைத்துவிட்டேன். இருபத்து நான்கு ஜாடியிலும்.

அதுதான் நடந்தது. நீங்கள் பாம்பைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறீர்கள். பாம்பு அப்புறம் வரும். முதலில் தாடி. தாடி இல்லையென்றால் பாம்பே இல்லை.

உட்காருங்கள். அதன்மேல் வேண்டாம், அது நாய். சாக்கா? சரி, உட்காருங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

முதலாளி எர்கினோஸ் விறகு பார்க்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர் இருந்தால் வேறு மாதிரி சொல்வார். குறுக்கே பேசாதீர்கள்.

நீங்கள் கடல் தாண்டி வந்தவர். எங்கள் ஏதென்ஸ் வழக்கம் தெரியாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேவிக்குப் பெருவிழா. ஓட்டம், மல்யுத்தம், தேர் எல்லாம் உண்டு. ஜெயிக்கிறவனுக்கு ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய் பரிசு. தேவியின் சொந்த மரத்து எண்ணெய். அந்த ஜாடியில் ஒரு பக்கம் தேவி நிற்க வேண்டும். தலைக்கவசம், ஈட்டி, கேடயம். மறுபக்கம் போட்டி. ஓட்டம் என்றால் ஓடுகிறவர்கள். மல்யுத்தம் என்றால் கட்டிப் புரள்கிறவர்கள். இது மாறாது. மாற்றினால் ஊர் உதைக்கும்.

இந்தப் பட்டறையில் ஜாடி வனைவது எர்கினோஸ். வரைவது நான். அடியில் ‘எர்கினோஸ் செய்தான்’ என்று இருக்கும். என் பெயர் இருக்காது. முப்பது வருடமாக இருக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எதிர்ப்பட்டறை தீசியாஸிடம் வரைகிறவன் தன் பெயரைக் குதிரையின் வாலுக்குக் கீழே போட்டிருக்கிறான். குதிரை லத்தி போட்ட மாதிரி இருக்கிறது. எத்தனை பேர் அதைப் போய்ப் பார்க்கிறார்கள் தெரியுமா? வருத்தம் இல்லை என்றேனே.

என் தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முகத்துத் தாடி இல்லை, நான் வரைகிற தாடி. குயவர் பேட்டை முழுக்கத் தேடினாலும் என்னைப்போலத் தாடி வைக்க ஆள் கிடையாது. தாடையில் தூரிகையை வைத்து ஒரே இழுப்பு. முன்னால் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். அரசனுக்கும் அதே தாடி. மீன் பிடிக்கிறவனுக்கும் அதே தாடி. ஒருவன் என் ஜாடியைப் பார்த்துவிட்டு, “இதில் எல்லோரும் அண்ணன் தம்பிகளா?” என்று கேட்டான். கலை தெரியாதவன்.

போன பெருவிழாவுக்கு எங்களுக்குக் கிடைத்தது சிறுவர் ஓட்டம். இருபத்து நான்கு ஜாடி. பேட்டையில் பாதிப் பேர் கேட்டுக் கிடைக்காத வேலை. எர்கினோஸ் வந்து என் எதிரே நின்றார்.

“பெரியவரே, சிறுவர் ஓட்டம்.”

“தெரியும்.”

“சிறுவர்களுக்குத் தாடி கிடையாது.”

“தெரியும் என்றேனே.”

“போன வருடம் தொட்டில் குழந்தைக்குத் தாடி வைத்தீர்கள்.”

“அது நிழல்.”

“அந்தக் குழந்தையின் அப்பா வந்து அழுதார்.”

“போம் ஐயா, போய் மண்ணைப் பிசையும்.”

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. தாடி கூடாது, தாடி கூடாது. ஜாடிக்கு நான்கு பையன்கள் ஓட வேண்டும். ஒவ்வொருவன் தாடைக்கு வந்ததும் கை தானாகக் கீழே இறங்கப் பார்க்கும். இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்துவேன். நான்கு பையன், இருபத்து நான்கு ஜாடி. அத்தனை தாடியை அடக்கினேன். அந்த வேதனை உங்களுக்குப் புரியாது. நீங்கள் வியாபாரி.

ஒரு ஜாடியில் பையன்களை முடித்ததும் அதைத் திருப்புவேன். மறுபக்கம் தேவி. ஆயிரம் தடவை வரைந்த உருவம். இங்கே என்ன பயம்? கையைக் கொஞ்சம் தளர விட்டேன். அங்கே அடக்கியதெல்லாம் இங்கே இறங்கிவிட்டது.

வரையும்போதே தெரியாதா என்று கேட்கப் போகிறீர்கள். தெரியாது. இந்த ஜாடியைப் பாருங்கள். இன்னும் சுடவில்லை. இதில் ஒரு எருது இருக்கிறது. தெரிகிறதா? கிட்டப் போனால்தான் தெரியும், அதுவும் வெளிச்சம் வாகாக விழ வேண்டும். மண்ணைக் கரைத்து வடிகட்டின குழம்பால்தான் வரைகிறோம். மண்மேல் மண். காய்ந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். சூளையில் வைத்து, காற்றை அடைத்து, மறுபடி திறந்து, அதெல்லாம் எர்கினோஸ் வேலை, அப்புறம்தான் குழம்பு பட்ட இடம் கறுக்கும், மற்ற இடம் சிவக்கும். நெருப்பு காட்டினால்தான் நாங்கள் என்ன வரைந்தோம் என்று எங்களுக்கே தெரியும்.

பெண்களுக்கு மட்டும் முகத்தில் வெள்ளை பூசுவோம். ஆண் கறுப்பு, பெண் வெள்ளை, அது வழக்கம். தேவியின் முகத்துக்கும் பூசினேன். தாடிக்குப் பூசவில்லை. தாடி இருப்பதே தெரியாதே.

கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறார் எர்கினோஸ். ஐம்பது வயதுப் பிள்ளை, பேசுவார். நான் எதையும் எட்டப் பிடித்துத்தான் பார்ப்பேன். இப்போது கை கொஞ்சம் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

சூளை ஆறியது. திறந்தோம். எர்கினோஸ் முதல் ஜாடியை வெளியே தூக்கினார். என் பக்கம் பையன்கள் இருந்தார்கள். வழவழவென்று நான்கு தாடை.

“எப்படி?” என்றேன்.

அவர் பக்கம் தேவி.

“பெரியவரே.”

“ம்.”

“தேவி எப்படி இருக்க வேண்டும்?”

“தேவி மாதிரி.”

“என் தாய்மாமன் மாதிரி இருக்கிறாள்.”

திருப்பிக் காட்டினார். எட்டப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். வெள்ளை வெளேரென்று முகம். அதன் கீழே கன்னங்கரேலென்று தாடி. மற்ற இருபத்து மூன்றிலும் அப்படியே. ஒன்று சொல்கிறேன், நான் வைத்த தாடிகளிலேயே அவைதான் உயர்ந்தவை. அதை அவரிடமும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஆறாம் நாள் விழாக் குழுவார் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. புதிதாக வனைந்து, காயவைத்து, வரைந்து, சுட ஒரு மாதமாவது வேண்டும். எர்கினோஸ் ஜாடியைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“இந்த ஜாடிகளை அவர்கள் வேண்டாம் என்றால், நீங்கள் இந்த முக்காலியில் உட்கார வேண்டாம். ஓட்டுக் களத்துக்குப் போங்கள். கூரை ஓட்டில் யாருக்கும் முகம் கிடையாது.”

ஓட்டுக் களம் தெரியுமா உங்களுக்கு? ஊருக்கு வெளியே, வெயிலில். நாள் முழுக்க ஈரமண்ணை மிதிக்க வேண்டும். முப்பது வருடம் இந்த முக்காலியில் உட்கார்ந்தவன் நான். இந்த ஜன்னல் வெளிச்சம் என்னுடையது. எனக்கு ஒன்றும் பயமில்லை. அன்று சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம். பருப்பு வேகவில்லை.

சரி, சும்மா இருக்கவில்லை. மறுநாளே வேலையில் இறங்கினேன். முதலில் மணற்கல் எடுத்துத் தாடியைத் தேய்த்தேன். சூளை கண்ட கறுப்பு லேசில் போகாது, கண்ணாடி மாதிரி. அரை நாள் தேய்த்ததில் தேவியின் தாடை சொறி பிடித்த மாதிரி ஆனது. அந்த ஜாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு யோசித்தேன். முகத்துக்கு வெள்ளை பூசியிருக்கிறோம், தாடிக்கும் பூசிவிட்டால் தீர்ந்தது. பூசினேன். எட்ட நின்று பார்த்தேன். கறுத்த தாடி போய் வெள்ளைத் தாடி வந்திருந்தது. தேவிக்கு வயதாகிவிட்டது, மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

எர்கினோஸ் பார்த்தார். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவாராம்.

அதற்குள் பேட்டைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தெருமுக்குச் சவரக்காரர் ஆள் அனுப்பினார்: “இருபத்து நான்கு பேர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தம்பியையும் அழைத்து வருகிறேன்.” தீசியாஸ் தன் பட்டறை வாசலில் நின்றுகொண்டு தினமும் ஒரே கேள்வி: “தேவி எழுந்துவிட்டாளா, இல்லை இன்னும் சவரம் நடக்கிறதா?” ஈரமண் உருண்டை ஒன்று கை தவறி அவர் பக்கம் போனது. சவரக்காரர் ஆள்மேல் பட்டது. குறி சரிதான், ஆளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை. ஒரு ஜாடியை வாசலில் வைத்து, ஈரத்துணியால் வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விலாங்குக்காரி வந்தாள்.

யாரென்று கேட்காதீர்கள், சொல்கிறேன். போயோத்தியாக்காரி. வடக்கே ஏரிக்கரை ஊர். விலாங்கு மீனை ஈரக் கூடையில் போட்டுச் சுமந்துகொண்டு வந்து, எங்கள் வாசல் நிழலில் உட்காரப் பார்ப்பாள். நான் விரட்டுவேன். நாற்றம். ஒரு தடவை ஒரு விலாங்கு கூடையை விட்டுத் தப்பி என் குழம்புச் சட்டிக்குள் போய்விட்டது. அதை அறியாமல் நான் கலக்கிக்கொண்டிருந்தேன். குழம்பு கனமாக இருக்கிறதே என்று தண்ணீர்கூட ஊற்றினேன். போயோத்தியாக்காரர்களுக்குப் புத்தி மெதுவாக வரும் என்று ஏதென்ஸில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், அவள் காதில் விழுகிற மாதிரி.

அவள் கூடையை இறக்கினாள்.

“ஓய் பெரியவரே, சாமிக்குக் கழுத்தில் என்ன?”

“தாடி.”

“சாமிக்கா?”

“போய் உன் வேலையைப் பார்.”

போகவில்லை. குனிந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

“இது தாடி இல்லையே. விலாங்குத் தலை. கல்லுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. இதோ மூக்கு. கண்தான் இல்லை.”

“கண் எதற்கு இருக்கும்? தாடி அது.”

“கண் இல்லாமல் வைத்தால் எவன் வாங்குவான்? செத்தது என்றல்லவா நினைப்பான்.”

இங்கே கவனியுங்கள். தேவியின் மார்பில் ஒரு தோல் கவசம் உண்டு. அதன் ஓரமெல்லாம் பாம்பு. எல்லா ஜாடியிலும் உண்டு, நானும் சுருள் சுருளாக இழுத்துவிடுவேன். அதில் ஒரு பாம்பு தலையைத் தூக்கி, தேவியின் தாடைக்குக் கீழே வந்து நின்றால்? யார் கேட்க முடியும்? தேவியின் பாம்பு, அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இது எனக்குத் தோன்றியது. அவள் விலாங்கு என்றுதான் சொன்னாள். பாம்பு என்றது நான். அதை மறக்காதீர்கள்.

“பாம்பு,” என்றேன்.

“ஏதோ ஒன்று. அந்த ஆணியைக் கொடுங்கள்.”

நான் கொடுக்கவில்லை. பிடுங்கினாள். கீறுகிற ஆணி, சுட்ட கறுப்பையும் கீறும், என்னைத் தவிர ஒருவர் தொட்டதில்லை. ஜாடியை மடியில் சாய்த்துக்கொண்டாள். தாடைக்கும் தாடிக்கும் நடுவே ஒரு கோடு, பிரிந்துவிட்டது. கூர்முனையில் சின்னதாக ஒரு வாய். பிறகு ஆணியை ஊன்றி ஒரு திருகு.

அது என்னைப் பார்த்தது.

ஐயா, நான் நூறு சிங்கம் வரைந்திருக்கிறேன். ஒரு சிங்கம் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

“எப்படிச் செய்தாய்?” என்றேன்.

“தினமும் முந்நூறு விலாங்கு முகத்தில் விழிக்கிறேன். கண் எங்கே இருக்கும் என்று தெரியாதா?”

மீதி ஜாடிகளையும் துடைத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். அன்றும் மறுநாளும் உட்கார்ந்து முடித்தோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். நான் இரண்டு, அவள் இருபத்திரண்டு. சொறி பிடித்த ஜாடியையும் விடவில்லை. அந்தச் சொறியையே பாம்புச் செதிலாகக் கீறிவிட்டாள். நாக்குக்குச் சிவப்பு வைத்தது நான். அது எல்லா ஜாடியிலும் நான்.

“உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டேன்.

“இந்த நிழல்.”

“நாறுமே.”

“அப்படியென்றால் ஆணியைக் கொடுங்கள், கண்ணையெல்லாம் அழித்துவிட்டுப் போகிறேன்.”

நிழலைக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் விழாக் குழுவார் மூன்று பேர் வந்தார்கள். எர்கினோஸ் கோயிலிலிருந்து அப்போதுதான் ஓடிவந்தார், முகமெல்லாம் பலிபீடத்துச் சாம்பல். ஜாடிகளை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குழுவாரில் மூத்தவருக்குப் பெரிய தாடி. முன்னால் கூராக நீட்டிக்கொண்டு, அச்சு அசலாக நான் வைக்கிற தாடி. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

அவர் முதல் ஜாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

“இந்தப் பாம்பு இங்கே எதற்கு?”

எர்கினோஸ் ஒரு கண்ணைத் திறந்தார். எந்தப் பாம்பு என்று அவருக்குத் தெரியாது. நான்தான் பேசினேன்.

“காவல்.”

“தேவிக்கே காவலா?”

“தூங்கும்போது.”

“தேவி தூங்குவாளா?”

“பாம்பு இருந்தால் தூங்கலாம்.”

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். எனக்குக் கால் நடுங்கவில்லை, முக்காலிதான் ஆடியது. மூத்தவர் திரும்பி வந்து சொன்னார்: “இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒருவன் தேவியைத் தனியாக நிற்க வைக்காமல் துணை கொடுத்திருக்கிறான். எடுத்துக்கொள்கிறோம்.” பிறகு இரண்டு ஜாடிகளைக் காட்டி, “இந்தப் பாம்புகளுக்கு மட்டும் என்ன வருத்தம்?” என்றார். அந்த இரண்டும் என்னுடையவை.

“பாம்பு யார் கை?” என்று கேட்டார்.

எர்கினோஸ் என் தோளில் கை வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அன்று கழுத்துப் பிடிப்பு. தலை தானாக ஆடியது.

முக்காலி பிழைத்தது. வந்தது பாம்பு. அதற்குப் பிறகு எல்லோருக்கும் பாம்பு வேண்டும். மது ஜாடிக்குப் பாம்பு. கல்யாண ஜாடியில் மாப்பிள்ளை பக்கத்தில் பாம்பு. செருப்புத் தைக்கிறவர் ஒருவர் வந்து தன் கடையை வரையச் சொன்னார், பெஞ்சுக்கு அடியில் பாம்பு வேண்டுமாம். நான் உடம்பை இழுப்பேன். குழம்பு காய்ந்ததும் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, விலாங்கு வாங்கப் போகிற மாதிரி வாசலுக்குப் போவேன். அவள் ஒரு திருகு திருகித் தருவாள். சந்தேகம் வரக்கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு விலாங்கும் வாங்கிவிடுவேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வேறு எதுவும் சமைப்பதில்லை. என் மனைவி என்னோடு பேசுவதும் இல்லை.

போன வாரம் எர்கினோஸ், நான் வரைந்து முடித்த ஒரு பெரிய ஜாடியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“பெரியவரே, இதில் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். நான் செய்தேன், நீங்கள் வரைந்தீர்கள் என்று இருக்கட்டும்.”

முப்பது வருடம் கழித்து. தூரிகையை எடுத்தேன். குழம்பில் தோய்த்தேன். சுடாத ஜாடி, எல்லாம் ஒரே மண்ணிறம். நான் வரைந்த ஆள் தெரியவில்லை, குதிரை தெரியவில்லை, தாடி தெரியவில்லை. அவள் கீறின கண் மட்டும் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தூரிகையில் முடி கொட்டுகிறது என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டேன். எர்கினோஸ் புதுத் தூரிகை வாங்கி வந்தார். அதிலும் முடி கொட்டுகிறது என்றேன்.

இப்போது நீங்கள் வந்து ஆணியை நீட்டுகிறீர்கள். உங்கள் ஊருக்கு அறுபது ஜாடி வேண்டும், பாம்பு வரைந்த கை வேண்டும், இங்கே ஒரு கண் வையுங்கள் பார்க்கலாம் என்கிறீர்கள். கீழே வையுங்கள் அதை. நான் கண் வைத்தால் அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். தாடி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், அறுபதும் வைத்துத் தருகிறேன்.

எர்கினோஸ் வந்தால் அது நான்தான் என்பார். நம்ப வேண்டாம். நானே சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். முக்காலியைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். ஓட்டுக் களத்தில் மிதிக்கத் தெரிந்தால் போதும், கண் வேண்டாம். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, அது வேறு.

எழுந்திருங்கள். வெளியே இடது பக்கம், நிழலில், ஈரக் கூடை. சத்தம் போட்டுப் பேசாதீர்கள், விலாங்கு மிரளும். ஜாடியில் பெயர் எழுத வேண்டுமென்று உங்கள் ஊரில் கேட்டால் அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

என்ன பெயரா? எனக்கே நேற்றுத்தான் தெரியும். இத்தனை நாள் கேட்கவில்லை. கேட்டதற்கு, புத்தி மெதுவாகத்தான் வருகிறது உங்களுக்கு என்று சிரித்தாள்.

மிக்கா.